சங்கத்தின் பேரேடும் பாடசாலையின் ஆஜர் புஸ்தகமும்

(கிராமக் கூட்டுறவு சங்க அங்கத்தினர் மகாநாட்டில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கூட்டுறவு இலாகாவைச் சேர்ந்த ஒருவன் ஆரம்பப் பாடசாலையைப் பற்றிப் பேச முன்வருவதைக் கண்டு உங்களில் சிலர் வியப்படையலாம். பங்குத் தொகை, கடன், தவணை, பாக்கி என்ற வார்த்தைகளையே என் வாயிலிருந்து கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். இன்றும் அந்த வார்த்தைகளைக் கொண்டே பேசப்போகிறேன். கணக்கைப் பார்க்க நீங்கள் சங்கத்தில் கற்ற முறையைப் பாடசாலையிலும் பிரயோகித்தால் எவ்வளவு உண்மைகள் வெளியாகும் என்பதைக் காட்டுவதே என் நோக்கம்.

கூட்டுறவுக்கும் கல்விக்கும் உள்ள உறவு புதியதன்று. 1844-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் ஏழை நெசவாளர்களும் பிற தொழிலாளரும் கூடிப் பண்டகசாலை ஒன்று ஆரம்பித்தார்கள். சில வருஷங்களுக்குள் அவர்கள் தங்கள் லாபத்தில் 100-க்கு 2½ வீதம் கல்விக்கென்றே ஒதுக்கி, வாசகசாலையும் வகுப்புகளும் நடத்தத் தலைப்பட்டார்கள். நம் தேசத்தில் 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், சென்னை மாகாணத்தின் முதலாவது கிராம நாணய சங்கம் திரூரில் ஏற்பட்டது. அன்று முதல் இன்றுவரை சங்கங்களுக்கு நேர்ந்த கேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் ஒன்றே: தன் பெயரில் எழுதப்பட்டிருப்பது என்ன என்று படித்தறிய முடியாத அங்கத்தினன். பாஸ் புஸ்தகத்தைக் கையில் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவனுக்கும், திறந்து வரவு செலவைச் சரிபார்க்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உங்களுக்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை.

மொத்தத் தொகை போதாது

சங்கத்தின் நிலைமை எப்படி என்று ஒருவர் கேட்கிறார். "கொடுத்திருக்கும் கடன் இவ்வளவு லட்சம்" என்று காரியதரிசி பதில் சொன்னால், கேட்டவர் திருப்தியடைவாரா? தவணை தப்பிய பாக்கி எவ்வளவு, எத்தனை வருஷத்துப் பாக்கி, யார் யாரிடம் நிற்கிறது என்றல்லவோ மேலும் கேட்பார்? பாடசாலையைப் பற்றி மாத்திரம் நாம் அப்படிக் கேட்பதில்லை. "நம் ஊர்ப் பாடசாலையில் 60 பிள்ளைகள் வாசிக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், மகிழ்ச்சியுடன் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறோம். அந்த 60 பேரில் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இந்தக் கேள்வியை நம் தேசத்தில் பலமாக எழுப்பியது 1929-ஆம் வருஷத்தில் வெளியான ஹார்ட்டாக் கமிட்டியின் அறிக்கை. 1922-23-இல் பிரிட்டிஷ் இந்தியாவில் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகள் 100 பேரென்றால், 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேரே என்று அக்கமிட்டி கணக்கிட்டது. மற்ற 82 பேரில் சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். சிலர் ஒரே வகுப்பில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். முதலாவதை விரயம் என்றும், இரண்டாவதைத் தேக்கம் என்றும் அக்கமிட்டியார் பிரித்தார்கள். நம் பாஷையில் சொன்னால், முன்னது வாராக் கடன்; பின்னது தவணை தப்பிய பாக்கி.

அந்த அறிக்கைக்கு முன்னும் பின்னும் சட்டங்கள் வந்தன. கோகலே அவர்கள் 1911-இல் கட்டாயக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அது மறு வருஷம் நிராகரிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் வருஷத்து ஆரம்பக் கல்விச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கல்வி வரி விதிக்கவும், சர்க்கார் அநுமதியுடன் கட்டாயக் கல்வியைப் புகுத்தவும் அதிகாரம் அளித்தது. சுதந்தரம் வந்தபின், 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம், 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க 10 வருஷ காலத்துக்குள் முயலவேண்டும் என்றது. 10 வருஷம் என்றது 60 வருஷமாயிற்று. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த சட்டமே 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமையாக்கிற்று.

பலன் இல்லாமற் போகவில்லை. 1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்குச் சுமார் 18 பேர். பெண்களில் மாத்திரம் பார்த்தால் 9 பேர். 2011-ஆம் வருஷத்துக் கணக்கில் தமிழ்நாட்டில் 100-க்குச் சுமார் 80 பேர். பெண்களில் 73 பேர். ஒரு தலைமுறை பட்ட பாட்டினால் அடுத்த தலைமுறைக்குக் கிடைத்த லாபம் இது.

புத்தக அட்ஜஸ்ட்மெண்ட்

ஆனாலும் ஒரு புது ஆபத்து நேர்ந்திருக்கிறது. 2009-ஆம் வருஷத்துச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் செய்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளைப் பொறுத்தமட்டில் அந்தந்த மாகாண சர்க்காரே தீர்மானிக்கலாம் என்று விட்டது. நிறுத்தி வைக்கும் பழைய முறை கொடுமையானது. தோற்ற பிள்ளைகளில் பலர் வெட்கத்தால் பாடசாலையை விட்டே போனார்கள். அதை நிறுத்தியது நியாயமே. ஆனால் அதன் விளைவாக, தேக்கம் என்பது ஆஜர் புஸ்தகத்திலிருந்து மறைந்துவிட்டது.

இதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? பழைய கடனைத் தீர்க்க முடியாத அங்கத்தினனுக்குப் புதிய கடன் ஒன்று கொடுத்து, அதே தினத்தில் பழைய கடன் வசூலானதாக எழுதிவிட்டால், பேரேட்டில் பாக்கி இராது. அவன் தலையில் இருக்கும். புத்தக அட்ஜஸ்ட்மெண்ட் என்று நாம் இதைக் கண்டிக்கிறோம். இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியாத பையன் மூன்றாம் வகுப்புக்கும், பிறகு நான்காம் வகுப்புக்கும் ஏற்றப்படும்போது நடப்பதும் இதுவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆஜர் புஸ்தகத்து ஐந்தாம் வகுப்பும் அப்படித்தான்.

பாக்கி எவ்வளவு என்று பாடசாலைக்கு வெளியே அளந்து பார்த்தவர்களும் உண்டு. இந்தியக் கிராமங்களில் வீடு வீடாய்ச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் ஏசர் என்னும் கணக்கெடுப்பின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் 100-க்கு 50.5 பேர். பெருந்தொற்றுக் காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய ஆரம்ப வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. 2022-இல் மேற்படி தொகை 42.8-ஆக இறங்கிற்று, 2024-இல் 48.8-க்கு ஏறிற்று. ஏறியது சந்தோஷம். ஆயினும் ஐந்தாம் வகுப்பில் பாதிப்பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் தடுமாறுகிறார்கள் என்ற செய்தியை எந்தச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டி கேட்டாலும் அவசரக் கூட்டம் கூட்டாதிருக்குமா?

பிள்ளைகள் யார்?

இப்பொழுது இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். கடன் வசூலாகவில்லை என்று கேட்டவுடனே காரியதரிசியைக் குற்றம் சொல்லுகிறவர் அநுபவமில்லாதவர். கடன் வாங்கியவர்கள் யார், நஞ்சைக்காரரா, மானாவாரிப் புஞ்சைக்காரரா, வாரக் குடியானவரா, அந்த வருஷம் மழை எப்படி என்று விசாரித்த பிறகே நாம் தீர்ப்புச் சொல்லுவோம். பாடசாலையைப் பற்றியும், அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார் என்று கேளாமல் தீர்ப்புச் சொல்லுதல் தகாது.

ஒரு காலத்தில் கிராமப் பாடசாலை என்பது வசதியுள்ள வீட்டுப் பையன்களின் இடமாயிருந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் பல ஊர்களில் பொதுப் பாடசாலைக்குள் நுழைய முடியாமையால், லேபர் இலாகாவார் அவர்களுக்கெனத் தனிப் பாடசாலைகள் நடத்த நேர்ந்தது. பிற்காலத்தில் அவையே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. பெண் குழந்தைகள் வந்தாலும் ஓரிரு வருஷத்தில் நின்றார்கள். பசியோடு வந்த பிள்ளைக்கு, 1920-இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பாடசாலையில், பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. அந்தச் சிறு விதை 1956-இல் காமராஜர் காலத்து மதிய உணவாகவும், 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் காலத்துச் சத்துணவாகவும் வளர்ந்தது. 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியும் ஆரம்பமாகி, மறு வருஷம் சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகள் அனைத்துக்கும் பரவிற்று. சோறு வந்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள்.

அவர்கள் உள்ளே வந்துகொண்டிருந்த காலத்திலேயே வசதியுள்ளவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார்கள். சம்பளம் வாங்கும் தனியார் பாடசாலையின் மோட்டார் வண்டி விடிந்தவுடன் ஊருக்குள் வந்து நிற்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். மேற்சொன்ன ஏசர் கணக்கின்படி, இந்தியக் கிராமங்களில் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் சர்க்கார் பாடசாலையில் இருந்தவர்கள் 2018-இல் 100-க்கு 65.6, கையில் காசில்லாத பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் 2022-இல் 72.9, மீண்டும் 2024-இல் 66.8. குடும்பத்தின் கையிருப்பு ஏறி இறங்குவதற்கேற்பப் பாடசாலையின் ஜனமும் மாறுகிறது. இதனால் சர்க்கார் பாடசாலையில் எஞ்சி நிற்பவர்களில், வீட்டில் படிப்புச் சொல்லித்தர ஒருவரும் இல்லாத பிள்ளைகளின் பங்கு பல ஊர்களில் மிகுந்துவிட்டது.

ஒப்பிடுவதில் உள்ள பிழை

இது மார்க்கு விஷயத்தில் எப்படி மயக்கம் தருகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்குச் சொல்லுகிறேன்; மனத்தில் போட்டுப் பாருங்கள். 40 பிள்ளைகள் கொண்ட இரண்டு பாடசாலைகள். முதற் பாடசாலையில், தாய் தந்தையர் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் 30 பேர். அவர்களில் நன்றாக வாசிப்பவர் 15. படித்த வீட்டுப் பிள்ளைகள் 10 பேர், வாசிப்பவர் 9. ஆக 40-க்கு 24, அதாவது 100-க்கு 60. இரண்டாவது பாடசாலையில், படிக்காத வீட்டுப் பிள்ளைகள் 10 பேர், வாசிப்பவர் 4. படித்த வீட்டுப் பிள்ளைகள் 30 பேர், வாசிப்பவர் 24. ஆக 40-க்கு 28, அதாவது 100-க்கு 70.

பலகையில் எழுதி ஒட்டினால் இரண்டாவது பாடசாலையே உயர்ந்தது. ஆனால் பிரித்துப் பாருங்கள். படிக்காத வீட்டுப் பிள்ளைகளில் முதற் பாடசாலை 100-க்கு 50 பேரைத் தேற்றுகிறது. மற்றது 40 பேரை. படித்த வீட்டுப் பிள்ளைகளிலும் முதலாவது 90, மற்றது 80. இரு வகையிலும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பது எதுவோ, அதுவே மொத்தத்தில் தாழ்ந்ததாகக் காணப்படுகிறது! இந்தக் கணக்கறியாத பெற்றோர் நல்ல உபாத்தியாயரை விட்டு, நல்ல கட்டடத்தைத் தேடிப் போகக் கூடும்.

மற்றுமொன்று. சிறிய பாடசாலையில் சதவிகிதத்தை நம்பவே கூடாது. வகுப்பில் 8 பேர் இருந்தால், ஒரு பிள்ளை தவறினாலே 100-க்கு 12½ குறைந்துவிடும். அடுத்த வருஷம் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சேர்ந்தால் அவ்வளவும் ஏறிவிடும். ஆகையால் சிறு பாடசாலையில் பிள்ளைகளைப் பெயர் பெயராகப் பார்ப்பதே முறை.

பிள்ளைகள் ஏழைகளாதலால் வாசிக்காவிட்டால் பாதகமில்லை என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். மேற்படி கணக்கில் முதற் பாடசாலையிலும் 15 ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. சிறு குடியானவனுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வராது என்று சொன்ன லேவாதேவிக்காரனின் வாதத்தை மறுக்கவே நம் சங்கங்கள் பிறந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று சொல்லுகிறவனும் அதே வாதத்தைத்தான் பேசுகிறான்.

நாட்கணக்கு

பாக்கி ஏன் நிற்கிறது? முதற் காரணம் ஆஜர். சட்டப்படி ஆரம்ப வகுப்புகளுக்கு வருஷத்தில் குறைந்தது 200 நாள் பாடம் நடக்கவேண்டும். வாரத்தில் ஒரே ஒரு நாள் வராத பிள்ளை வருஷத்தில் 40 நாள் இழக்கிறது. ஐந்து வருஷத்தில் 200 நாள், அதாவது ஒரு முழு வருஷப் படிப்பு. ஆடு மேய்க்க ஒரு நாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள், சந்தைக்கு ஒரு நாள் என்று சில்லறையாய்ப் போவது, வட்டியைப் போல் சேர்ந்து மூலதனத்தையே விழுங்கிவிடுகிறது. பொங்கலை ஒட்டிச் செங்கற் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களின் பிள்ளைகளுக்கோ, மாதக்கணக்கில் பாடம் தவறுகிறது. முன்பணம் வாங்கியதனால் புறப்படுகிறவர்களே அவர்களில் அநேகர். கடன் விஷயமும் கல்வி விஷயமும் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும் இடம் இதுவே.

இரண்டாவது காரணம் உபாத்தியாயர் தொகை. 60 பிள்ளைகள் வரை இரண்டு உபாத்தியாயர் என்பது 2009-ஆம் வருஷத்துச் சட்டத்தின் அளவு. ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒருவர் மூன்று வகுப்பைப் பார்த்தால், நாளொன்றுக்கு 5 மணி நேரப் பாடத்தில் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 1 மணி 40 நிமிஷம். அவர்களில் ஒருவர் லீவில் போனாலோ, இலாகா வேலையாக வெளியே அனுப்பப்பட்டாலோ, அதுவும் 1 மணியாகக் குறையும்.

சங்கம் செய்யக்கூடியது

1920-களில் பாஞ்சாலத்தில் கட்டாயக் கல்விக் கூட்டுறவு சங்கங்கள் என்று ஒரு வகை ஏற்பட்டன. அங்கத்தினர்கள் தங்கள் பிள்ளைகளை ஆரம்ப வகுப்புகள் முடியும் வரை நான்கு வருஷம் இடைவிடாமல் அனுப்புவதென்றும், தவறினால் அபராதம் செலுத்துவதென்றும் தாங்களே கையொப்பமிட்டார்கள். போலீஸாரின் பயத்தைவிட அண்டை வீட்டுக்காரனின் முன் கொடுத்த வாக்கு பலமாக வேலை செய்யும் என்பது கூட்டுறவின் அடிப்படை. நமக்கு அபராதம் வேண்டாம், வாக்குறுதி போதும். அதன் பொருட்டு ஐந்து காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, 2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பாடசாலைக்கும் நிர்வாகக் குழு உண்டு, அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அக்குழுவில் உள்ள நம் அங்கத்தினர்கள் கூட்டத்துக்குத் தவறாமல் போகவேண்டும். அங்கே நான்கு கேள்விகள் கேட்கவேண்டும்: சேர்ந்தவர் எத்தனை? இந்த மாதம் நாள்தோறும் வந்தவர் எத்தனை? ஒரு பத்தியைத் தடையின்றி வாசித்து, ஒரு கழித்தல் கணக்கைப் போடத் தெரிந்தவர் எத்தனை? நின்றுபோன பிள்ளை எங்கே போயிற்று?

இரண்டாவது, இந்த விவரத்தை ஆண், பெண் என்றும், வகுப்பு வாரியாகவும் பிரித்துக் கேட்கவேண்டும். பெண் குழந்தைகளில் மாத்திரம் ஆஜர் குறைந்தால் காரணம் வீட்டில் இருக்கிறது. ஒரு தெருப் பிள்ளைகளில் மாத்திரம் குறைந்தால் காரணம் ஊரில் இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையின் பெயரையும், ஜாதியையும், மார்க்கையும் பொதுக் கூட்டத்தில் வாசிக்கலாகாது. ஜாதி என்னும் பத்தி உபகாரச் சம்பளத்துக்காகவும் உதவிக்காகவும் ஏற்பட்டது. உட்காரும் இடத்தைத் தீர்மானிக்க ஏற்பட்டதன்று.

மூன்றாவது, வெளியூர் வேலைக்கு முன்பணம் வாங்கும் நிலையில் இருக்கும் அங்கத்தினரைச் சங்கம் காலத்தில் கண்டறியவேண்டும். விதிகளுக்கு உட்பட்ட சிறு கடன் அறுவடைக்கு முன் கிடைத்தால், ஒரு குடும்பம் ஊரிலே தங்கும். தங்க முடியாதவர்கள் பிள்ளையைப் பாட்டி வீட்டிலோ விடுதியிலோ விட்டுப்போக நாம் துணைசெய்யலாம்.

நான்காவது, நிகர லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையை, துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், மாலை நேரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்க ஒரு விளக்குள்ள அறைக்கும், கதைப் புஸ்தகங்களுக்கும் செலவிடலாம். பெருந்தொற்றுக்குப் பின் 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், ஊரிலுள்ள படித்த பெண்களே மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள், கேட்பாரில்லாமல் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, வசதியுள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையை எங்கே அனுப்புவது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் பணமுள்ளவன் தன் டெபாசிட்டை எடுத்துக்கொண்டு பட்டணத்துப் பாங்கிக்குப் போய்விட்டால் சங்கம் என்ன ஆகும் என்பதை அறிவீர்கள். பிள்ளை வேறிடம் போனாலும், உங்கள் குரல் இந்தப் பாடசாலையை விட்டுப் போகவேண்டாம். கூரை ஒழுகினால் எழுதிக் கேட்கவும், உபாத்தியாயர் இடம் காலியானால் விண்ணப்பிக்கவும் தெரிந்தவர்கள் நீங்கள். அங்கே எஞ்சியிருப்பவர்களுக்கு அது எளிதன்று.

உபாத்தியாயர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்களைப் பரீட்சிக்கப் புறப்பட்டவர்களாக நீங்கள் பாடசாலைக்குப் போனால் கதவு அடைபடும். பிள்ளையின் பாக்கியை வசூலிக்க உதவிக்கு வந்த பங்காளிகளாகப் போனால், உங்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுவார்கள். எந்தப் பிள்ளை எந்த நாளில் ஏன் வரவில்லை என்பதை அவர்களைவிட நீங்களே முந்தி அறிவீர்கள்.

நண்பர்களே, சங்கத்தில் ஒரு கடன் வாராமற் போனால் அதை ஈடுசெய்ய ரிசர்வ் நிதி இருக்கிறது. எட்டு வயதில் வாசிக்கக் கற்காத பிள்ளைக்கு அப்படியொரு நிதி இல்லை. அதன் தவணை அந்தந்த வயதோடு முடிந்துபோகிறது. ஆகவே, அடுத்த பொதுச் சபைக் கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் "ஊர்ப் பாடசாலையின் ஆஜரும் வாசிப்பும்" என்று ஓர் இனம் சேர்க்கவேண்டுமென்றும், நான் சொன்ன நான்கு கேள்விகளுக்குரிய பதில்களை நிர்வாகக் கமிட்டியார் அதற்குள் சேகரித்து வைக்கவேண்டுமென்றும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.